டிக் ஆர்க் பற்றும்போது சிஎன்சி நின்றுபோனால் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. ஒரே கூரையின் கீழ் டிக் வெல்டிங்கும் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எனும் மின்வில்லை உண்டாக்கிப் பற்றவைப்பது) நடக்கிறது, சிஎன்சி மெஷினும் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டுவது) ஓடுகிறது. ஆர்க் பற்றும் நொடியில் சிஎன்சி அலாரம் போட்டு நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் யூஎஸ்பி துண்டித்துத் துண்டித்துச் சேர்கிறது, ரேடியோ கரகரக்கிறது. வெல்டிங் மெஷினின் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். தனியாக ஒரு எர்த் ராடு (மண்ணில் இறக்கும் உலோகக் கம்பி) அடித்துக்கொள் என்கிறார் இன்னொருவர். பாதுகாப்பைக் கெடுக்காமல் இந்த மின் இரைச்சலைக் குறைக்க என்ன வழி?

முதல் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். இரண்டாவதையும் அவர் சொன்ன மாதிரி செய்ய வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. ஃபில்டர், ஃபெரைட் (இரைச்சலை அடக்கக் கேபிளில் கோர்க்கும் காந்தப்பொருள் வளையம்) என்று எதையாவது வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: டார்ச்சுக்கு (கையில் பிடித்து வெல்டிங் செய்யும் முனை) போகிற கரண்ட் எந்த வழியாக மெஷினுக்குத் திரும்பி வருகிறது? அந்த வழி குட்டையாகவும், போகிற கேபிளை ஒட்டியும், வெல்டிங் கேபிளைத் தவிர வேறெதிலும் புகாமலும் இருந்தால் தொந்தரவில் பெரும்பகுதி அடங்கிவிடும். வயர் கருகுவது, ஷாக் அடிப்பது போன்ற ஆபத்துகளும் அதே வேலையில் குறைந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது

வெல்டிங் மெஷின் கிளப்பும் தொந்தரவு ஒரே வகை கிடையாது. எது உங்களைப் படுத்துகிறது என்று தெரியாமல் மருந்து தேடினால் காசுதான் வீண்.

டிக் மெஷினில் முதல் சந்தேகம் எச்எஃப், அதாவது ஹை ஃப்ரீக்வென்சி, மீதுதான். டங்ஸ்டன் நுனி வேலைப்பொருளைத் தொடாமலே ஆர்க் பற்ற வேண்டும் என்பதற்காக, சில ஆயிரம் வோல்ட் உயர் அதிர்வெண் மின்சாரத்தை மெஷின் டார்ச் கேபிளில் ஏற்றுகிறது. பழைய வடிவமைப்புகளில் இதை உருவாக்குவது ஒரு ஸ்பார்க் கேப், அதாவது இரண்டு முனைகளுக்கிடையே சின்ன இடைவெளியில் தாவும் பொறி. பொறி ஒரே அதிர்வெண்ணில் பாடாது. ரேடியோ அலைவரிசைகளில் அகலமாகப் பரவிக் கத்தும். டார்ச் கேபிளும் ரிட்டர்ன் கேபிளும் அப்போது வெறும் கேபிள்களாக இருப்பதில்லை, நல்ல ஆன்டெனாக்களாகிவிடுகின்றன.

அடுத்தது இன்வெர்ட்டர், அதாவது மெஷினுக்குள்ளேயே மின்சாரத்தை வேகமாக வெட்டி மாற்றும் சுற்று. இப்போதைய மெஷின்களில் ஐஜிபிடி அல்லது மாஸ்ஃபெட் எனும் செமிகண்டக்டர் சுவிட்சுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. அந்த வேகத்தின் எச்சம் மெகாஹெர்ட்ஸ் வரை நீளும். நல்ல மெஷினில் உள்ளே இருக்கும் ஃபில்டரும் உலோகப் பெட்டியும் இதில் பெரும்பகுதியை அடக்கிவிடும்.

மூன்றாவது, வெல்டிங் கரண்ட்டே உண்டாக்குகிற காந்தப்புலம். இதற்கு அலைவரிசையெல்லாம் தேவையில்லை. 200 ஆம்பியர் ஓடினால் கேபிளைச் சுற்றிக் காந்தப்புலம் இருந்தே தீரும்.

நான்காவது, மெயின்ஸ் பக்கத்துத் தொந்தரவு. மெஷின் உள்ளே நுழைந்ததும் மின்சாரத்தை ரெக்டிஃபை செய்து (ஏசியை டிசியாக்கி) கெப்பாசிட்டரில் சேர்க்கிறது. அதனால் சைன் அலையின் உச்சியில் மட்டும் கரண்ட்டை உறிஞ்சுகிறது. விளைவு, ஹார்மோனிக்ஸ், அதாவது 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத அலைகள். ஆர்க் பற்றும்போது வோல்டேஜ் இறங்கி விளக்குகள் கண்சிமிட்டுவதும் இந்தப் பக்கத்துச் சமாச்சாரம்தான். இதற்கு ஃபெரைட் ரிங் மாட்டிப் பிரயோஜனமில்லை.

எது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் ஒரு ஏஎம் ரேடியோ போதும். எந்த நிலையமும் இல்லாத இடத்தில் ட்யூன் செய்து, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெஷினை ஆன் செய்து ஆர்க் இல்லாமல் கேளுங்கள். பிறகு ஆர்க் பற்றும் நொடியைக் கேளுங்கள். அப்புறம் ஆர்க் சீராக ஓடும்போது கேளுங்கள். பற்றும்போது மட்டும் பெரிய கரகரப்பு வந்து உடனே அடங்கினால் எச்எஃப். ஆர்க் ஓடும் நேரம் முழுக்க இருந்தால் இன்வெர்ட்டர், இல்லையென்றால் எங்கோ ஒரு லூசான இணைப்பு. ஏசி டிக்கில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் என்றால் அங்கும் எச்எஃப்தான், ஏனென்றால் கரண்ட் ஒவ்வொரு முறை பூஜ்யத்தைத் தாண்டும்போதும் ஆர்க் அணையாமலிருக்க அதில் எச்எஃப் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோவைக் கேபிள்கள் ஓரமாக நகர்த்திப் பாருங்கள், பிறகு சுவர் ஓரம் போகும் மெயின்ஸ் வயரிங் அருகே கொண்டுபோங்கள். மெஷினிலிருந்து விலகிப்போயும் மெயின்ஸ் வயர் ஓரத்தில் சத்தம் குறையாமல் இருந்தால், தொந்தரவு வயரிங் வழியாகவே பயணம் செய்கிறது என்று அர்த்தம்.

எச்எஃப் என்றால் முதலில் அதை அணையுங்கள்

உங்கள் கேள்வியில் ஆர்க் பற்றும் நொடி என்று குறிப்பாகச் சொல்லியிருப்பதால் என் சந்தேகம் முழுக்க எச்எஃப் மேல்தான். மெஷினில் லிஃப்ட் ஆர்க் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டங்ஸ்டனை வேலைப்பொருளில் மெல்லத் தொட்டு எடுத்தால் ஆர்க் பற்றும். தொடும்போது மெஷின் மிகக் குறைந்த கரண்ட் மட்டும் கொடுப்பதால் டங்ஸ்டன் அவ்வளவாகக் கெடாது. ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு இது தாராளமாகப் போதும். இரண்டு நாள் கை பழகினால் எச்எஃப்பைத் தேட மாட்டீர்கள். சிஎன்சி பக்கத்தில் இருக்கும்போது லிஃப்ட் ஆர்க் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இங்கே சொல்லப்போகிற மற்ற எல்லாம் இரைச்சலைக் குறைக்கும் வழிகள். இது ஒன்றுதான் இரைச்சலை உண்டாக்காமலே விடும் வழி.

அலுமினியத்துக்கு எச்எஃப் வேண்டும் என்பவர்கள், ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டர் மெஷினாக இருந்தால் பற்றவைக்க மட்டும் எச்எஃப் என்று வைக்கலாம். கரண்ட் பூஜ்யத்தைத் தாண்டும் வேகம் அதில் அதிகம் என்பதால் ஆர்க் அணையாது. பிளாஸ்மா கட்டிங்கிலும் இதே கதைதான். எச்எஃப்பில் பற்றும் பிளாஸ்மாவையும் சிஎன்சி டேபிளையும் சேர்த்து மாட்டி அவதிப்படுகிறவர்கள் ஏராளம். நாசிலுக்குள் எலக்ட்ரோடு காற்றழுத்தத்தில் விலகி ஆர்க் பற்றுகிற வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தலைவலி தொடக்கத்திலேயே இல்லை.

ஸ்பார்க் கேப் உள்ள மெஷினில் அந்த இடைவெளி கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். தேய்ந்து அகலமாகிவிட்டால் இரைச்சலும் கூடும். ஆர்க் சரியாகப் பற்றவில்லை என்று இடைவெளியைக் கூட்டி வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். மெஷினைத் திறக்கும் வேலையைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆளை வீழ்த்தும் அளவுக்குச் சார்ஜ் சில நிமிடம் தங்கியிருக்கும். மூடியை மாட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் போடச் சொல்லுங்கள். நான்கில் இரண்டைப் போட்டு முடித்துவிடுவதும், பெயிண்ட்டின் மேலேயே மூடியை வைத்து முறுக்குவதும், உலோகப் பெட்டி இரைச்சலை உள்ளேயே அடைத்து வைக்கிற திறனைக் கெடுக்கும்.

இரண்டு கேபிளையும் ஒட்டிக் கிடத்துங்கள்

ஒரு கேபிளில் 200 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அது தனியாகக் கிடந்தால் 1 மீட்டர் தள்ளி அதன் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா. பூமியின் சொந்தக் காந்தப்புலமே ஏறக்குறைய 25 முதல் 65 வரைதான். இப்போது போகிற கேபிளையும் திரும்புகிற கேபிளையும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்துங்கள். கரண்ட் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். அதே 1 மீட்டரில் மிச்சம் இருப்பது ஏறக்குறைய 0.8 மைக்ரோடெஸ்லா. ஐம்பதில் ஒரு பங்கு! ஒரு ரூபாய் செலவில்லாமல், கேபிளை நகர்த்தியதற்குக் கிடைத்த பலன் இது. எச்எஃப் இரைச்சலுக்கும் இதே கணக்கு பொருந்தும், ஏனென்றால் இரண்டு கேபிளும் வளைத்துக்கொள்ளும் பரப்பு சின்னதாகச் சின்னதாக ஆன்டெனாவும் சின்னதாகிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? டார்ச் கேபிள் வலப்பக்கமாக வருகிறது. எர்த் கிளாம்ப் (திரும்பும் கேபிளின் முனையிலுள்ள கவ்வி) மெஷினுக்குப் பக்கத்தில் டேபிளின் காலில் எப்போதோ மாட்டியது, அங்கேயே கிடக்கிறது. ஆள் டேபிளின் மறுமுனையில் வெல்டிங் செய்கிறார். கரண்ட் டேபிள் முழுக்கச் சுற்றி, பெரிய வளையமாகத் திரும்புகிறது. அந்த வளையத்துக்குள் சிஎன்சியின் என்கோடர் (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கருவி) கேபிள் போனால் அதில் சிக்னல் மாதிரியே ஒரு துடிப்பு உண்டாகும். கண்ட்ரோலர் பாவம், அதை உண்மை என்று நம்பி நின்றுவிடுகிறது.

ஆகவே கிளாம்ப் வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வரட்டும், அதுவும் வெல்டிங் செய்யும் துண்டிலேயே. இரண்டு கேபிளையும் அங்கங்கே டேப் சுற்றிச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தரையோடு தரையாகக் கிடக்கட்டும், கம்பிமேல் தொங்கவிட வேண்டாம். நீளமும் தேவைக்கு மேல் வேண்டாம். எச்எஃப் மெஷின் கையேடுகள் சில கேபிள் 7.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றே சொல்கின்றன.

மிச்சக் கேபிளை வட்டமாகச் சுருட்டி வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். 50 சென்டிமீட்டர் விட்டத்தில் 10 சுற்று, 200 ஆம்பியர் என்றால் சுருளின் நடுவில் ஏறக்குறைய 5 மில்லிடெஸ்லா. மேலே சொன்ன 40 மைக்ரோடெஸ்லாவைப் போல நூறு மடங்குக்கும் மேல். மிச்சம் இருந்தே தீரும் என்றால் இரண்டு கேபிளையும் சேர்த்துப் பிடித்து, முன்னும் பின்னுமாக மடித்துக் கிடத்துங்கள். மெயின்ஸ் எக்ஸ்டென்ஷன் கேபிளையும் சுருளில் வைத்து வெல்டிங் மெஷினை ஓட்டாதீர்கள். அங்கே பிரச்சினை இரைச்சல் இல்லை, சூடு. உள்சுற்றுகள் வெப்பத்தை வெளியே விட முடியாமல் இன்சுலேஷன் உருகிவிடும்.

கிளாம்ப் கடிக்கும் இடம்

பெயிண்ட் மேலேயோ துருவின் மேலேயோ கிளாம்ப்பை மாட்டினால் அந்தத் தொடுமுனையில் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் மிஞ்சும். 10 மில்லி ஓம் என்று வைப்போம், மீட்டரில் அளந்தால் பூஜ்யம் என்றே காட்டும். 200 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 2 வோல்ட் விழுகிறது, 400 வாட் சூடாகிறது. கிளாம்ப்பின் ஸ்பிரிங் இளகி, தாடை கருத்து, பித்தளைத் துண்டு நிறம் மாறியிருப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். அந்த இடத்தில் நுண்ணிய பொறிகள் வேறு தாவிக்கொண்டிருக்கும். அவையும் ரேடியோ இரைச்சல்தான். எச்எஃப்பை அணைத்த பிறகும் கரகரப்பு நிற்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது கிளாம்ப்பையும், மெஷின் முகப்பில் இருக்கும் கேபிள் சாக்கெட்டையும்தான். தேய்த்து உலோகம் பளபளக்கிற இடத்தில் கடிக்க விடுங்கள்.

இதில் பெரிய ஆபத்து வேறு. கிளாம்ப்பில் வழி சரியில்லை என்றால் கரண்ட் வேறு வழி தேடும். ஒரு ஸ்டீல் பீமில் மேக்னட் டிரில் ஒட்டி நிற்கிறது, அதே பீமில் வெல்டிங் நடக்கிறது. டிரில்லின் உடல் எர்த் செய்யப்பட்டது. எர்த் கிளாம்ப் நழுவி எர்த் ஆன வேறொரு உலோகத்தின் மேல் விழுந்துவிட்டது, அல்லது பக்கத்துத் துண்டில் மாட்டியிருக்கிறது, அந்தத் துண்டும் எங்கோ கட்டடத்தின் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது வெல்டிங் கரண்ட் டிரில்லின் எர்த் வயர் வழியாகக் கட்டடத்தின் எர்த்துக்கு வந்து, அங்கிருந்து மெஷினுக்குத் திரும்பும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 150 ஆம்பியர் போனால் அந்த வயர் எத்தனை நேரம் தாங்கும்? ஃபியூஸோ பிரேக்கரோ இதைத் தடுக்காது, எர்த் வயரில் ஃபியூஸ் கிடையாதே. உள்ளே எர்த் கருகி அறுந்துபோனது வெளியே தெரியாமல் அந்த டிரில் வேலை செய்துகொண்டே இருக்கும். இன்னொரு நாள் அதன் உள் வயர் உடலைத் தொடும்போதுதான் தெரியவரும்.

கிரேனின் வயர் ரோப், செயின் பிளாக், மோட்டார் பேரிங் எல்லாவற்றுக்கும் இதே விதி. வெல்டிங் கரண்ட் அவற்றின் வழியாகத் திரும்பக் கூடாது. சுழலும் ஷாஃப்ட்டில் வெல்டிங் செய்யும்போது கிளாம்ப்பைப் பேரிங்குக்கு அந்தப் பக்கம் மாட்டினால் பேரிங்கின் குண்டுகளில் சின்னச் சின்னக் குழிகள் விழும். சிஎன்சி மெஷினின் பெட் மேலே துண்டை வைத்து ‘ஒரு டாக் (சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும்’ போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

எர்த்தைக் கழற்றினால் ஏன் ‘சரியாகிறது’

பட்டறையில் எர்த் கிளாம்ப் என்று சொல்வது வெல்டிங் கரண்ட் திரும்பும் கிளாம்ப். மெஷினின் பிளக்கில் இருக்கும் பச்சை-மஞ்சள் வயர் பாதுகாப்பு எர்த். இரண்டுக்கும் வேலை வேறு. யாரோ கழற்றச் சொன்னது இந்த இரண்டாவதை.

கழற்றினால் சில சமயம் இரைச்சல் குறைவது உண்மைதான், அதனால்தான் இந்த யோசனை சாகாமல் இருக்கிறது. மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டர் உயர் அதிர்வெண் இரைச்சலைச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியாக எர்த்துக்குத் தள்ளுகிறது. எர்த் இல்லையென்றால் அந்த வழி அடைபட்டு, இரைச்சல் வேறு பக்கம் போகிறது. உங்கள் சிஎன்சிக்கு அது தற்செயலாக நிம்மதியாக அமையலாம். ஆனால் அதே கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக உடலோடு இணைந்திருப்பதால், எர்த் இல்லாத மெஷினின் உடல் மெயின்ஸ் வோல்டேஜில் கிட்டத்தட்டப் பாதிக்கு ஏறி நிற்கும். தொட்டால் சுரீர் என்று இருக்கும் அந்தக் கூச்சம் இதுதான். கசிகிற கரண்ட் குறைவு என்பதால் அது மட்டும் ஆளைக் கொல்லாது. உள்ளே இன்சுலேஷன் கெட்டு ஃபேஸ் உடலைத் தொடும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது, ஆபத்து அதுதான். வியர்வையில் நனைந்த கையுறையோடு, இரும்புக்கு நடுவில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. எர்த்தில் சமரசமே கிடையாது.

இதை ஒட்டி இன்னொன்று. வெல்டிங் மெஷினைப் போட்டதும் லீக்கேஜ் பிரேக்கர் (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) விழுகிறது என்று பிரேக்கரையே எடுத்துவிடுகிறார்கள். ஃபில்டரின் கசிவும் எச்எஃப்பும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரைத் தட்டிவிட வாய்ப்பு இருக்கிறது, மெஷினில் உண்மையாகவே கோளாறு இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. இன்சுலேஷனைச் சோதித்துப் பார்க்காமல் எது என்று முடிவு செய்ய முடியாது. மெஷினில் கோளாறில்லை என்றால் அதற்குத் தனி சர்க்யூட்டும், இன்வெர்ட்டர் கருவிகளுக்கு ஏற்ற வகைப் பிரேக்கரும் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

சரி, தனி எர்த் ராடு? ஒரு மீட்டர் வயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மாறும் கரண்ட்டை எதிர்க்கும் தன்மை) உண்டு. 10 மீட்டர் எர்த் வயர் 50 ஹெர்ட்ஸில் இந்த வகையில் 3 மில்லி ஓம்தான் எதிர்க்கும், பொருட்டே இல்லை. 1 மெகாஹெர்ட்ஸில் அதே வயர் 63 ஓம். எச்எஃப்பின் கண்ணுக்கு அந்த எர்த் இருப்பதே தெரியாது. மாறாக அந்த நீள வயரும் இன்னொரு ஆன்டெனாவாகிவிடும். அதோடு, புதிய ராடைக் கட்டடத்தின் எர்த்தோடு இணைக்காமல் தனியாக விட்டால், கோளாறு நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு மெஷின்களின் உடல்கள் வெவ்வேறு வோல்டேஜில் இருக்கும். ஒரு கை இதிலும் ஒரு கை அதிலும் வைத்தவர் கதி? ராடு அடித்தாலும் அதைக் கட்டடத்தின் முதன்மை எர்த்தோடு முறைப்படி சேர்த்தே ஆக வேண்டும். உயர் அதிர்வெண்ணுக்கு உதவுவது மெஷின், வெல்டிங் டேபிள், சுற்றியுள்ள பெரிய உலோகப் பொருட்கள் இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் குட்டையான, பட்டையான செப்புப் பின்னல். எச்எஃப் மெஷின் கையேடுகளில் சில, வெல்டிங் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும் உலோகங்களையும் வயரிங் குழாய்களையும் எர்த் செய்யச் சொல்கின்றன. இணைக்காத உலோகம் இரைச்சலை வாங்கி மறுபடி பரப்பும் என்பதுதான் காரணம்.

வேலைப்பொருளை எர்த் செய்வது மட்டும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். சில இடங்களில் அது இரைச்சலைக் குறைக்கும், சில இடங்களில் குறைக்காது. எப்படியும் வெல்டிங் கரண்ட்டுக்கு எர்த் வழியாக இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறோம், மேக்னட் டிரில் கதை அப்படித்தான் நடக்கிறது. தேவையென்று உறுதியானால் மட்டும் செய்யுங்கள். நேரடி இணைப்புக்கு அனுமதியில்லாத இடங்களில் தகுந்த கெப்பாசிட்டர் வழியாக இணைப்பார்கள். அது உயர் அதிர்வெண்ணை விடும், வெல்டிங் கரண்ட்டை விடாது. இதை விவரம் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.

சிஎன்சி பக்கத்தில்

வெல்டிங் கேபிளும் சிக்னல் கேபிளும் சேர்ந்து இணையாக ஓடக் கூடாது. தவிர்க்க முடியாமல் குறுக்கிட வேண்டும் என்றால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். என்கோடருக்கும் சர்வோ மோட்டாருக்கும் ஷீல்டு கேபிள் (வயரைச் சுற்றி உலோக உறை உள்ளது) போட்டிருப்பார்கள், ஆனால் கனெக்டரில் அந்த ஷீல்டைப் பிரித்து, முறுக்கி, ஒரு வால் மாதிரி ஸ்க்ரூவில் மாட்டியிருப்பார்கள். அந்த 5 சென்டிமீட்டர் வாலே உயர் அதிர்வெண்ணில் ஷீல்டைப் பாதி வீணாக்கிவிடும். ஷீல்டை முழு வட்டமும் பிடிக்கிற உலோகக் கிளாம்ப்பில், பெயிண்ட் சுரண்டிய தகட்டில் நேரடியாகப் பிடிக்க வேண்டும். உயர் அதிர்வெண் தொந்தரவுக்கு இரண்டு முனையிலும் இணைப்பதே நல்லது. அப்படி இணைத்த ஷீல்டு, ரிட்டர்ன் கிளாம்ப் மோசமாக இருந்தால், வெல்டிங் கரண்ட் திரும்பும் பாதையாகவும் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஃபெரைட் ரிங்கைச் சிக்னல் கேபிளிலும், யூஎஸ்பி கேபிளிலும், கம்ப்யூட்டரின் மெயின்ஸ் கார்டிலும் மாட்டலாம். வெல்டிங் கேபிளில் மாட்டுவதென்றால் ஒரு கேபிளை மட்டும் கோர்க்காதீர்கள். 200 ஆம்பியர் டிசியில் ஃபெரைட் உடனே சேச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) வெறும் வளையமாகத் தொங்கும். இரண்டு கேபிளையும் ஒரே ரிங்கில் சேர்த்துக் கோர்த்தால் கரண்ட் ஒன்றையொன்று ரத்து செய்யும், இரைச்சல் மட்டும் மாட்டும். யூஎஸ்பி எப்போதுமே முதலில் விழுகிற ஆள். கண்ட்ரோலரை ஈதர்நெட்டில் இணைக்க முடிந்தால் மாற்றிவிடுங்கள், அதன் இரண்டு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். தூரம் அதிகம் என்றால் ஃபைபர்.

மெயின்ஸ் பக்கம் சுருக்கமாக. வெல்டிங் மெஷினுக்கும் சிஎன்சிக்கும் மெயின் போர்டிலிருந்தே தனித்தனி சர்க்யூட். வெல்டிங் மெஷினின் சப்ளை வயரை உலோகக் குழாயில் கொண்டுபோய், குழாயை இடைவெளி இல்லாமல் மெஷினின் உடலோடு இணைத்தால் நன்று. அப்புறம்தான் ஃபில்டர். விளக்கு மட்டும் கண்சிமிட்டுகிறது என்றால் கனமான கேபிள் அல்லது பவர் ஃபாக்டர் திருத்தம் (கரண்ட்டை அலை முழுக்கச் சீராக எடுக்கும் வசதி) உள்ள மெஷின்.

புதிதாக மெஷின் வாங்கும்போது பெயர்ப்பலகையையும் கையேட்டையும் பாருங்கள். ஆர்க் வெல்டிங் கருவிகளின் மின்காந்த இணக்கத்துக்கான (மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யாமலிருப்பதற்கான) சர்வதேசத் தரநிலையான ஐஈசி 60974-10 மெஷின்களை ஏ வகுப்பு, பி வகுப்பு என்று பிரிக்கிறது. ஏ வகுப்பு, வீடுகளுக்குச் செல்லும் பொது மின்வழங்கலில் ஓட்டுவதற்கானதல்ல. வீட்டு வளாகத்தில் வேலை என்றால் பி வகுப்புத் தேடுவது நல்லது. ஏ வகுப்பு மெஷினை அங்கே வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டிவியோடு சண்டை போடுவதில் நியாயமில்லை.

வண்டியில் வெல்டிங்

காரிலோ லாரியிலோ வெல்டிங் செய்யும்போது இதே விஷயங்கள் இன்னும் கூர்மையாகும். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ். ஈசியூ (வண்டியின் கண்ட்ரோல் கம்ப்யூட்டர்), ஏர்பேக் மாட்யூல் கனெக்டர்களை வண்டித் தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகு கழற்றுங்கள். கிளாம்ப் வெல்டிங் செய்யும் அதே தகட்டில், பக்கத்திலேயே. எச்எஃப் வேண்டவே வேண்டாம். பேட்டரி முனைகளில் மாட்டுகிற சர்ஜ் காப்பான்களை (திடீர் வோல்டேஜ் எகிறலைத் தடுப்பவை) நம்பிக் கழற்றாமல் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈசியூவின் எர்த் பாயின்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே கரண்ட் ஓடினால் அந்தக் காப்பான் அதைப் பார்க்கக்கூடச் செய்யாது. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் உயர் வோல்டேஜ் பேட்டரியைப் பயிற்சி பெற்றவர் துண்டிக்காமல் கையே வைக்கக் கூடாது.

உடம்புக்குள் கருவி வைத்திருப்பவர்கள்

பட்டறையில் யாருக்காவது பேஸ்மேக்கரோ, இதயத்துடிப்பைச் சீராக்க ஷாக் கொடுக்கும் ஐசிடியோ இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்துபோகிற வாடிக்கையாளர்களுக்கும் வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகை வேண்டும். வெல்டிங் இரைச்சலைப் பேஸ்மேக்கர் இதயத்துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, தான் கொடுக்க வேண்டிய துடிப்பை நிறுத்திவைக்கலாம். ஐசிடி தாறுமாறான துடிப்பு என்று நினைத்துத் தேவையில்லாமல் ஷாக் கொடுக்கலாம். இப்படிப்பட்டவர்கள் வெல்டிங் செய்யலாமா, எத்தனை ஆம்பியர் வரை, எச்எஃப் கூடுமா என்பதை அவருடைய இதய மருத்துவரும் கருவித் தயாரிப்பாளரும்தான் சொல்ல வேண்டும். நானோ நீங்களோ சொல்வதற்கில்லை.

மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு மேலே சொன்ன கேபிள் பழக்கங்கள்தான் அடிப்படை. நிலையான காந்தப்புலத்துக்கு இத்தகைய கருவிகளுக்கான வரம்பாக 0.5 மில்லிடெஸ்லாவைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன. 200 ஆம்பியர் டிசி ஓடும் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டால் 5 சென்டிமீட்டரில் 0.8 மில்லிடெஸ்லா, அப்போதே வரம்பு தாண்டிவிட்டது. கேபிள் தோளிலோ கழுத்திலோ ஏறக் கூடாது. இரண்டு கேபிளுக்கு நடுவில் உடல் இருக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே இரண்டின் புலமும் கூடும். இரண்டும் உடலின் ஒரே பக்கமாகப் போகட்டும். ஆர்க்குக்கும் மார்பிலுள்ள கருவிக்கும் குறைந்தது 60 சென்டிமீட்டர் இருக்கட்டும் என்று தயாரிப்பாளர் கையேடுகளில் காணலாம். பற்றவில்லை என்று படபடவென்று திரும்பத் திரும்பத் தட்டாமல், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே சில நொடி விட வேண்டும். துடிப்பு மாதிரி வருகிற இரைச்சல்தான் கருவியை அதிகம் ஏமாற்றும். தனியாக வேலை செய்யக் கூடாது. தலை சுற்றினாலோ படபடப்பு வந்தாலோ உடனே ஆர்க்கை நிறுத்தி, கேபிளை விட்டு விலகி வர வேண்டும். விலகியதும் பெரும்பாலான கருவிகள் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துக் கருவியைச் சோதித்துவிட வேண்டும்.